கயிற்றோடு வந்த மாடு

நான் வட்டிக்கு விடுகிறவள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும், சுருங்கட்டும். கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் சாயாக்கடை போட்டிருப்பவர், தள்ளுவண்டியில் பழம் விற்பவர், ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்பவர் என்று பாதிப் பேர் அவசரம் வந்தால் என் வீட்டுப் படியைத்தான் ஏறுவார்கள். பேங்குக்குப் போனால் பத்துக் காகிதம் கேட்பார்கள். எனக்கு ஆளைத் தெரிந்தால் போதும். முதுகுக்குப் பின்னால் என்னை 'பிளேடு அக்கா' என்பார்கள். வட்டிக்காரர்களுக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் பட்டம் அது. முகத்துக்கு நேரே அப்படிச் சொன்ன ஆள் ஒருவர்தான். அவரும் அடுத்த மாதமே படியேறி வந்து, "சேச்சி, ஒரு அத்தியாவசியம்" என்று தலையைச் சொறிந்தார்.

என் கோபத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது எதுவும் புரியாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் எதிரில் இருப்பவரை வாய் திறக்க விட மாட்டேன். என் வீட்டுக்காரர் சுக்குக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருக்கிறார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் அதிகம் பேசிய வாக்கியம், "நீ முடி, அப்புறம் சொல்றேன்" என்பதுதான். நான் முடிப்பதற்குள் அவருக்குச் சொல்ல வந்தது மறந்து போயிருக்கும்.

கடன் வாங்குகிறவர்களில் எனக்குப் பிடித்தவள் ஒருத்தி உண்டு. பள்ளுருத்தியில் மாடு வைத்திருந்த பால்காரி. உடுமலைப் பக்கத்துக்காரி. துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி கழுவுகிற வேலைக்கு வந்த புருஷனோடு இருபது வருஷத்துக்கு முன்னால் வந்தாள். ஊரில் மாட்டோடு வளர்ந்தவளுக்கு இங்கே கை சும்மா இருக்கவில்லை. என்னிடம் கடன் வாங்கி ஒரு பசு பிடித்தாள். அதை அடைத்து இன்னொன்று பிடித்தாள். இப்படியே ஐந்தாயிற்று. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். வசூலும் அப்படித்தான். ஆனால் இவளிடம் நான் ஆடவும் வேண்டியதில்லை, பாடவும் வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் தூக்குவாளியோடு என் வாசலில் நிற்பாள். பணத்தைக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே அரை லிட்டர் பாலையும் ஊற்றிவிட்டுப் போவாள்.

பால் தொழில் ஒரே நாளில் படுத்துவிடவில்லை. முதலில் தீவன மூட்டை விலை ஏறியது. வைக்கோல் லாரி வாளையாறு செக்போஸ்ட் தாண்டி வருகிறது. அதன் வாடகையும் ஏறியது. சொசைட்டியில் பாலுக்குக் கொடுக்கிற காசு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் பாக்கெட் பால் வண்டிகள் வந்தன. சாயாக்கடைக்காரர்களுக்கு ஒரு வாரம் கடனுக்கே போட்டார்கள், விலையும் குறைவு. பஜாரில் அவளிடம் பால் வாங்கிய கடைகள் ஒவ்வொன்றாய் நழுவின. பள்ளுருத்தியில் மேய்ச்சலுக்கும் இடமில்லை. கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் வந்து நிற்கிற மண்ணில் என்ன புல் முளைக்கும்? தீனி போடுவதற்காக ஒரு மாட்டை விற்றாள். மிச்ச மாடுகளுக்குத் தீனி போடுவதற்காக இன்னொன்றை விற்றாள். கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. சிவப்பு நிறத்து ஜெர்சிக் கலப்பு. 'செவலை' என்று கூப்பிடுவாள்.

சனிக்கிழமை வருவது ஒன்றுவிட்டு ஒன்றானது. பிறகு போனில் சமாதானம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அவள் மட்டுமா? மாடு வைத்திருந்த வேறு மூன்று பேரும் அதே சமயத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வட்டிக்காரி வீட்டில் பீரோ நிறையப் பணம் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவள் கொடுப்பதில் பாதி அவளும் எங்கேயோ வாங்கியதுதான். மாட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக நான் என் நாலு தங்க வளையல்களை அடகு வைத்திருந்தேன். கல்யாணத்தின்போது அம்மா போட்ட வளையல்கள். ஒரு சனிக்கிழமை அடகுக்கடையிலிருந்து கடிதம் வந்தது: அடுத்த மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் ஏலம். கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என் கண் வாசலுக்குப் போயிற்று. தூக்குவாளியும் இல்லை, பால்காரியும் இல்லை. வந்ததே கோபம்!

"பெட்டி ஆட்டோ கூப்பிடுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"எதுக்கு?"

"மாடு ஏத்த."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முடிக்கவில்லை என்பது தெரிந்து குடையை எடுத்துக்கொண்டார். நல்ல இடவப்பாதி மழை, வைகாசி நடுவில் பிடித்தால் விடாது. பள்ளுருத்தி போய்ச் சேர்ந்தபோது அவள் கொட்டில் வாசலில் சாக்குப் போட்டுத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தாள். எங்களோடு ஒரு வண்டியும் நிற்பதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

நான் ஆரம்பித்தேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத எனக்கே வெட்கம். இருபது வருஷப் பழக்கம், நன்றி, நம்பிக்கை, வளையல், ஏலம், எல்லாம் வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நடுவில் அவள் ஒருமுறை, "அக்கா, ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றாள்.

"நீ ஒண்ணும் பறைய வேண்டாம். மாட்டை அவிழ்!"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. உள்ளே போய் செவலையை அவிழ்த்துக் கூட்டி வந்தாள். அதன் கழுத்துக் கயிறு பழசு. நடுவில் ஒரு சோழியும் சின்ன மணியும் கோத்திருந்தது. அந்தக் கயிற்றின் நுனியைச் சுருட்டி, கிழக்கே பார்த்து நின்று, வலது கையால் என் கையில் கொடுத்தாள்.

"பத்திரமுங்க அக்கா" என்றாள்.

நான் வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீடு சுக்குக் கிடங்குகளுக்கு நடுவில் ஒரு சந்தில் இருக்கிறது. ஒட்டினாற்போல் ஒரு பூட்டிய கிடங்கின் முற்றம். அங்கேதான் கட்டினோம். என் கணக்கு சுலபமானது. தினமும் பாலைக் கறந்து விற்று வட்டியை எடுப்பது. நல்ல விலை வந்தால் மாட்டையே விற்று வளையலை மீட்பது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே சந்தில். மிளகு மூட்டையைக் கையால் தடவி ரகம் சொல்லுவேன். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதற்கு நாலு கால் என்பதுதான்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் எவர்சில்வர் பாத்திரத்தோடு போய்க் குந்தினார். செவலை திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் தொட்டதும் பாத்திரம் மூன்று முழம் தள்ளிப் போய் விழுந்தது. இரண்டாவது தடவை அவரே போய் விழுந்தார். மூலைச் சாயாக்கடைச் சேட்டன் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எண்டெ சேச்சி, இது செனையாணு! ஏழு மாசமாவது இருக்கும். பால் வற்றிப் போயி. இனி கன்னு போட்டால்தான் பால்."

நான் அந்த நிமிஷமே பால்காரிக்குப் போன் போட்டேன். "ஏன்டீ, சினை மாடுன்னு ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேனுங்க அக்கா. நீங்கதான் ஒண்ணும் பறைய வேண்டாம்னீங்க."

போனை வைத்தேன். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரியாதா என்ன!

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். யானை வேண்டாம், சினை மாடு ஒன்று போதும். காலையில் தவிடு, பிண்ணாக்கு, வைக்கோல். குடம் குடமாகத் தண்ணீர். சந்தில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தில் நாங்கள் குடிப்பதற்குப் பிடிப்பதா, செவலைக்குப் பிடிப்பதா? கடன் கொடுத்து வட்டி வாங்கத் தெரிந்த எனக்கு, கடனுக்குப் பிடித்த மாட்டுக்கே வட்டி கட்டுவது அந்த மாதம்தான் பழகியது. தீவன மூட்டைக்குக் காசு கொடுக்கும்போதெல்லாம், பால்காரி ஏன் சனிக்கிழமை வராமல் போனாள் என்பது எனக்குப் புரிந்தது. ஐந்து மாடு வைத்திருந்தவள் பிழைத்ததே பெரிது.

ஆனால் ஒன்று. எங்கள் சந்தில் அந்த மாதம் மாதிரி கலகலப்பு அதற்கு முன் இருந்ததில்லை. பக்கத்து யூதர் தெருவைச் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் வழி தவறி உள்ளே வந்து, மழையில் நனைந்த செவலையைப் பார்த்ததும் கேமராவை எடுத்துவிடுவார்கள். ஒரு அம்மாள் அதற்கு மாலையே போட்டாள். மாலையைச் செவலை தின்றுவிட்டது. இதைக் கேள்விப்பட்டுப் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சேட்டன் ஒருவர் வந்தார்.

"சேச்சி, பசுவைப் பகல் நேரம் எண்டெ கடை முன்னால கெட்டலாமோ? ஆளு கூடும்."

"கட்டலாம். வாடகை என்ன?"

"பசுவுக்கு வாடகையா!"

"மாடு உமக்கு ஆள் சேர்க்கும், மாட்டுக்கு யார் தவிடு சேர்ப்பாங்க? வாரத்துக்கு ஒரு தீவன மூட்டை. சம்மதம்னா கயிற்றைப் பிடிச்சுக்கும்."

சம்மதித்தார். அதிலிருந்து செவலை தினமும் பத்து மணிக்கு வேலைக்குப் போய், நாலு மணிக்குத் திரும்பியது. மழை வலுத்தால் லீவு. மரக்குதிரைக்கும் பித்தளை விளக்குக்கும் நடுவில் அது அசைபோட்டுக்கொண்டு நிற்கும். பார்த்தால் கடையில் இருப்பதிலேயே பழைய சாமான் அதுதான் என்று தோன்றும். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் வீட்டுக்காரர். போகிற வழியெல்லாம் அதோடு பேசிக்கொண்டே போவார். என்னிடம் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் அதனிடம் கொட்டினார் என்று நினைக்கிறேன். ஒருநாள் மறைந்து நின்று கேட்டேன். "அவளுக்கு மனசு தங்கம்டீ. வாய்தான்…" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தம் காட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாதக் கடைசி நெருங்கியது. தீவன லாரியோடு பொள்ளாச்சிப் பக்கத்து மாட்டுத் தரகர் ஒருவர் வருவதாகச் சாயாக்கடையில் சொன்னார்கள். ஆள் அனுப்பி வரவழைத்தேன். பெரியவர், தோளில் பச்சைத் துண்டு. செவலையைச் சுற்றி வந்தார். வாயைப் பிளந்து பல் பார்த்தார். மடியைத் தொட்டார். அவருக்கு மட்டும் செவலை உதை கொடுக்கவில்லை.

"அருமையான மாடுங்க அம்மிணி. நிறைசினை. இன்னும் இருபது நாள்ல கன்னு போட்டுரும். நான் நல்ல வெலையே தருவேன்."

சொன்ன விலையில் நாலு வளையலும் திரும்பி வந்துவிடும். எனக்குக் கையே குறுகுறுத்தது. அவர் மடியிலிருந்து புதுக் கயிறு ஒன்றை எடுத்தார். பழைய கயிற்றை அவிழ்க்கப் போனவர், சோழியையும் மணியையும் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்.

"இது யார் கயிறுங்க?"

"மாட்டுக்காரியோடதுதான்."

"அவ கையால கொடுத்தாளா?"

"ஆமா. கிழக்கே பார்த்து நின்னு கொடுத்தா. அதுக்கென்ன?"

பெரியவர் புதுக் கயிற்றைச் சுருட்டி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "எங்க பக்கத்துல மாட்டை வித்தா கயிற விக்க மாட்டாங்க அம்மிணி. கயிறு போனா பட்டியே போச்சு, கொட்டில்ல மாடு தங்காதும்பாங்க. வித்தவங்க பழைய கயிற உருவி வீட்டுல மாட்டிக்குவாங்க, வாங்கறவன் புதுக் கயிறு போட்டு ஓட்டிட்டுப் போவான். கயிறோட கையில கொடுத்தா அது விக்கல. பத்திரமா பாத்துக்கங்க, திருப்பி ஓட்டிட்டு வாங்கன்னு அர்த்தம். நீங்களும் வாங்கிட்டீங்களே."

"நான் என்ன கண்டேன்! கடனுக்குப் பிடிச்ச மாடு பெரியவரே!"

"இருக்கட்டுங்க. அவளே வந்து கையால கயிற உருவிட்டா, இப்பவே காசு எண்ணி வெக்கிறேன். இல்லாம வாங்குனா நாளைக்கு எந்தப் பட்டியிலயும் என்னை உள்ள விட மாட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் வண்டி கெளம்புது."

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. சரி, அவளையே வரவழைத்து உருவச் சொல்வது என்று முடிவெடுத்தேன். இந்தத் தடவை எனக்குக் கோபம்கூட இல்லை, அவசரம்தான். வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். போகிற வழியில் அவர், "ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "வந்து சொல்லுங்க" என்றேன்.

வீட்டில் அவள் இல்லை. இறால் உரிக்கிற செம்மீன் ஷெட்டுக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மழை தூறியது. கொட்டிலுக்குள் போய் நின்றோம். தரையைக் கழுவி விட்டிருந்தாள். மாடே இல்லாத கொட்டிலை எதற்குக் கழுவுகிறாள்? தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர்கூட நிரப்பி வைத்திருந்தாள்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். வரிசையாக ஐந்து ஆணி. நாலு ஆணியில் நாலு கயிறு. ஒவ்வொன்றிலும் ஒரு சோழி, ஒரு மணி. எண்ணெய் தடவி வைத்திருந்தாள். அவள் விற்ற நாலு மாடுகள். ஐந்தாவது ஆணி காலியாக இருந்தது.

நான் எத்தனையோ வீட்டில் வசூலுக்குப் போயிருக்கிறேன். பீரோவைப் பார்த்திருக்கிறேன், டிவியைப் பார்த்திருக்கிறேன், காதில் என்ன கிடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். ஒரு வெறும் ஆணியைப் பார்த்து நான் அப்படி நின்றதில்லை. இன்று சாயங்காலம் அந்த ஆணியில் ஐந்தாவது கயிற்றை மாட்டு என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன்.

அவள் வந்தாள். செம்மீன் உரித்து விரல்நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருந்தன. எங்களைப் பார்த்ததும் முகம் பூத்துவிட்டது.

"செவல எப்படி இருக்குதுங்க அக்கா? கன்னு போட்டுருச்சா?"

"இல்லை, இல்லை."

"நீங்க அன்னிக்கிக் கயிற வாங்கினீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. எங்க வீட்டுக்காரருகூட அழுதாரு. நான் சொன்னேன், அக்கா கயிறோட வாங்கியிருக்காங்க, நம்ம பட்டி போகலன்னு." ஆணியைக் காட்டினாள். "அதான் அதைச் சும்மா வெச்சிருக்கேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். நான் தப்புச் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட சரித்திரம் கிடையாது. எனக்கு ஒன்று தெரியாது என்று பிறத்தியாரிடம் சொன்ன சரித்திரம் அதைவிடக் கிடையாது. அந்த வீறாப்புதான் அன்றைக்கு என் வாயில் வந்து உட்கார்ந்தது.

"பின்னே? கயிறுன்னா என்னன்னு தெரியாமலா வாங்குவேன்? நானும் தமிழச்சிதானேடீ. அது என்னைக்குக் கன்று போடும், என்னைக்குக் கொண்டுவந்து விடணும்னு கேட்கத்தான் வந்தோம்."

பின்னால் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.

பெரியவர் காலி லாரியில் ஊர் போய்ச் சேர்ந்தார். மாதக் கடைசியில் நாலு வளையலில் இரண்டை விற்று, மற்ற இரண்டை மீட்டேன். மனசு கேட்கவில்லைதான், கடையிலிருந்து பஸ் ஸ்டாப்வரை அழுதுகொண்டேதான் வந்தேன். பஸ் ஸ்டாப்பில் வீட்டுக்காரர் சாயா வாங்கிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். தண்ணீரா, சாயாவா என்று தெரியவில்லை. பாக்கெட் பால்.

அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. எங்கள் பஜாரில் சாயா ஆற்றுகிற கை அத்தனையும் எனக்குக் கடன்பட்ட கை. மறுநாள் மூலைக்கடையிலிருந்து ஆரம்பித்தேன். "செவலை கன்று போட்டதும் பால்காரி பால்தான் ஊத்தணும். ஊத்தினா அந்த மாச வட்டி வேண்டாம்" என்றேன். "பாக்கெட்டைவிட விலை கூடுதலாச்சே சேச்சி" என்று ஒருவர் இழுத்தார். "என் வட்டியும்தான் கூடுதல். அதை வாங்கும்போது இழுத்தீரா?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் இழுக்கவில்லை. ஐந்து கடை சேர்ந்தது. பழம்பொருள் கடைக்காரர் தானாகவே ஆறாவதாக வந்தார். அவருக்குச் செவலையைப் பிரிகிற துக்கம்.

கன்று போட ஒரு வாரம் இருக்கும்போது செவலையைக் கொண்டுபோய் விட்டோம். பெட்டி ஆட்டோவில் வீட்டுக்காரரும் மாட்டோடு பின்னாலேயே நின்று வந்தார். இறங்கியதும் அது யாரையும் பார்க்கவில்லை. நேரே கொட்டிலுக்குள் நடந்துபோய் அதன் இடத்தில் நின்றுகொண்டது. நான் கயிற்றை, கிழக்கு எது என்று வீட்டுக்காரரிடம் கண்ணாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, வலது கையால் கொடுத்தேன். பால்காரி இரண்டு கையாலும் வாங்கினாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். சொல்வதற்கு என்ன, அழுதேன்.

செவலை போட்டது கிடேரிக் கன்று. சந்தைப் பக்கத்துக் கடையில் நானே போய் அதற்குப் புதுக் கயிறு வாங்கினேன். சோழி பழம்பொருள் கடைக்காரருடையது. அதற்கும் நூறு வருஷத்துச் சோழி என்று கதை சொன்னார்.

பால் தொழில் நிமிர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தீவன விலை இறங்கவில்லை. மற்ற மூன்று மாட்டுக்காரர்களில் ஒருவர் தொழிலையே விட்டுவிட்டார். மிச்சம் இருவர் இப்போது எங்கள் பாலோடு பால் சேர்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் காலையில் ஸ்கூட்டரில் கேனை வைத்துக்கொண்டு கடை கடையாகப் போகிறார், அப்புறம்தான் சுக்குக் கிடங்கு. கடன் இன்னும் பாதிக்கு மேல் நிற்கிறது. ஆனால் சனிக்கிழமை காலையில் தூக்குவாளி வந்துவிடுகிறது.

போன சனிக்கிழமை வீட்டுக்காரரோடு நானே பள்ளுருத்திக்குப் போயிருந்தேன். கன்று என் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. பால்காரி சாயா போட்டுக் கொடுத்தாள். குடித்துக்கொண்டே, கொஞ்சம் பெருமையாகத்தான், "அன்னைக்கு மட்டும் எனக்குக் கயிறு விஷயம் தெரியாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும், நினைச்சுப் பார்!" என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியுமுங்க அக்கா. தெரிஞ்சிருந்தா நீங்க வாங்கியிருக்கவே மாட்டீங்களே."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்ப ஏன்டீ கொடுத்தே? இருந்தது ஒரே மாடு! நான் வித்திருந்தா?"

"இருபது வருசமா உங்க கோவத்தைப் பாக்கறேனுங்க. பொங்குற பாலுதான் அது. ஒரு நாழி எறக்கி வெச்சா அடங்கிரும். அடங்குனதும் நீங்களே ஓட்டிட்டு வருவீங்கன்னு தெரியும். அதான் தொட்டியில தண்ணி ரொப்பி வெச்சேன்."

கொட்டில் வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். இந்தத் தடவை அவர் இருமவில்லை, வாய்விட்டே சிரித்தார். "நீ எப்படியும் அதை விக்க மாட்டே. அன்னைக்கு ஸ்கூட்டர்ல நான் சொல்ல வந்ததும் இதுதான்" என்றார்.

நான் டம்ளரை எடுத்து, மிச்சச் சாயாவைக் குடித்து முடித்தேன்.